பன்னிரண்டு பேர், பதின்மூன்று பூட்டு

ஜூன் 9, திங்கள்

வள்ளியூரில் ரயிலை விட்டு இறங்கியதுமே காற்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இனி ஆடி முடியும் வரை விடாது என்று ஆட்டோக்காரர் சொன்னார். வழியெல்லாம் காற்றாலைகள். எண்ண ஆரம்பித்து முப்பதில் விட்டுவிட்டேன், கண் சொக்கியது.

கம்பெனி கொடுத்திருக்கும் வீடு காற்றாலைகளுக்கு நடுவே ஒரு முருங்கைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம். படுக்கையறை ஜன்னலுக்கு நேரே இருபத்தெட்டாம் நம்பர் இயந்திரம் நிற்கிறது. நம்பர் கோபுரத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது.

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் 'கோச்' என்பேன். உடனே 'எந்த விளையாட்டுக்கு?' என்பார்கள். ஒரு தலைவரையும் அவருடைய ஆட்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய இலக்கைச் சொல்ல வைப்பது என் வேலை. சொல்லவே தயங்குகிற அளவுக்குப் பெரிதாக. சின்னதாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்பேன். இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த 'இன்னும் கொஞ்சம்'தான்.

இங்கே நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள், அவற்றைப் பராமரிக்க நாற்பத்தொரு பேர். காற்று வீசும் ஒவ்வொரு நூறு மணி நேரத்திலும் இயந்திரங்கள் எத்தனை மணி நேரம் ஓடத் தயாராக இருந்தன என்பதுதான் இவர்களுடைய மதிப்பெண். போன வருஷம் தொண்ணூற்று மூன்று. இந்த ஆகஸ்ட் கடைசிக்குள் தொண்ணூற்றெட்டு வராவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போகும், நாற்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகம் இதை எனக்கும் சொல்லியிருக்கிறது, அவர்களுக்கும் சொல்லியிருக்கிறது.

தலைவர் பெயர் தாணுமாலயன். ஐம்பது வயது, சுசீந்திரத்துக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. "ஒங்கள முன்னமே பாத்திருக்கேன் மேடம்," என்றார். எங்கே என்று கேட்டேன். சிரித்தாரே தவிர சொல்லவில்லை. எத்தனையோ கூட்டம், எத்தனையோ முகம். எனக்கு நினைவில்லை.

ஜூன் 11, புதன்

காயப்போட்ட ரவிக்கை பறந்துவிட்டது. கிளிப் வாங்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் இந்த அறையில் எழுந்திருப்பது கஷ்டம். சூரியன் இருபத்தெட்டாம் நம்பருக்குப் பின்னால் ஏறுகிறது. இறக்கைகளின் நிழல் சுவரில் வந்து, கட்டிலில் இறங்கி, என்மேல் ஏறிக் கடந்துபோகிறது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமல் அரைமணி நேரம் கிடக்கிறேன். ஐம்பது வயதில் இப்படி ஒரு சோம்பல் வரும் என்று நினைக்கவில்லை. பிடித்திருக்கிறது.

பத்து மணிக்கு ஜெபஸ்டின் ஜீப்பில் கூட்டிப்போனான். டெக்னீஷியன்களில் வாய்த்துடுக்குக்காரன், முப்பத்திரண்டு வயது. ஒரு கோபுரத்தின் அடியில் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பெட்டி, அதில் இயந்திரத்தை ஓட விடும் சுவிட்ச். யார் மேலே ஏறுகிறாரோ அவர் தன்னுடைய சிவப்புப் பூட்டை அந்தச் சுவிட்சில் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். நாலு பேர் ஏறினால் நாலு பூட்டு. கடைசிப் பூட்டு திறக்கும்வரை இயந்திரம் நகராது. அடுத்தவர் பூட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, அதிகாரி ஆனாலும் சரி.

"சாவியோட வீட்டுக்குப் போயிட்டா?" என்று கேட்டேன்.

"ஆளக் கூட்டிட்டு வரணும், இல்ல சாவிய வாங்கிட்டு வரணும். எனக்க கல்யாணத்துக்கே அப்படித்தான் ஆச்சு மேடம். சாவி கோட்டுப் பையில. தாணு சார் வேதக்கோயிலுக்கே ஜீப்ப அனுப்பிட்டாரு. நான் மோதிரத்த எடுக்கேன்னு பைக்குள்ள கைய விட்டா சாவி வருகு. பாஸ்டர் பாத்துட்டே நிக்காரு. எனக்க வீட்டுக்காரி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுகா."

அவள் இப்போது ஏழு மாதம். அதையும் அவனே சொன்னான், இரண்டு தடவை.

ஜூன் 16, திங்கள்

இன்று முதல் கூட்டம். நாற்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள்: தாணு, ஜெபஸ்டின் உட்படக் குழுத் தலைவர்கள், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து இயந்திரங்களை நிறுத்தவும் ஓடவிடவும் செய்யும் இசக்கியம்மாள். எல்லோரும் 'இசக்கி' என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டு என்று போர்டில் எழுதினேன். பன்னிரண்டு தலையும் ஆடின. இருபது வருஷமாகப் பார்த்த ஆட்டம்தான் இது. அறையில் ஆடும் தலை வாசல் தாண்டினால் நின்றுவிடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போர்டுக்கு அடியில் ஒரு இரும்புச் சட்டத்தை ஆணியடித்து வைக்கச் சொன்னேன். "இந்த இலக்கும் ஒரு மெஷின்னு வச்சுக்கோங்க. மனசுல ஏதாவது தடை இருந்தா உங்க பூட்டை இங்க போடுங்க. காரணம் சொல்லணும்னு இல்ல. சொன்னா சரி பண்ணப் பாப்போம். கடைசிப் பூட்டு திறக்கிற வரைக்கும் இலக்கு ஓடாது."

யாரும் அசையவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சட்டம் முழுக்கச் சிவப்பு. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபது வருஷத்தில் முதல் முறையாக ஒரு கூட்டம் என்னிடம் 'முடியாது' என்று உண்மையைச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

பூட்டுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தாணுவுடையது முதலில் இறங்கியது. ஒரு பேரிங் சென்னையிலிருந்து வர ஐந்து நாள் ஆகிறது, இங்கேயே ஸ்டோரில் இரண்டு வேண்டும் என்று ஒருவர். வாங்கினோம், பூட்டு இறங்கியது. மேற்குப் பக்கக் குழுவுக்கு ஜீப் இல்லை என்று ஒருவர். ஏற்பாடு செய்தோம், இறங்கியது. ஏற முடியாத அளவு காற்று அடிக்கும்போது நின்ற நேரத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று இசக்கி. தலைமை அலுவலகத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டி அதையும் வாங்கினேன்.

ஒவ்வொரு பூட்டுக்காரரும் எழுந்து போய், சாவி போட்டுத் திறந்து, பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார். யாரும் கைதட்டுவதில்லை. காற்றின் சத்தம் மட்டும் ஜன்னலில் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு என் வேலை ரொம்பப் பிடிக்கிறது.

ஜூலை 3, வியாழன்

தொண்ணூற்று ஆறு. ஜெபஸ்டின் இன்று கடைசியாகத் திறந்தான். மேலே ஏறுகிறவர்களுக்குக் குடிதண்ணீர் கேன் கேட்டான், அவ்வளவுதான்.

ஆனால் அவன் உட்கார்ந்த பிறகும் சட்டத்தில் ஒரு பூட்டு தொங்குகிறது. பன்னிரண்டு பேரும் அவரவர் பூட்டைத் தூக்கிக் காட்டினார்கள். நான் இரண்டு தடவை எண்ணினேன். பன்னிரண்டு பேர், பதின்மூன்று பூட்டு. அதில் பொறித்திருக்கும் எண் பதினேழு.

"யாருது இது?" என்று கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாணு பேனாவைத் திறந்தார், மூடினார்.

ஜூலை 5, சனி

அடைமாவும் தேங்காயும் வாங்கினேன். தேங்காய் இங்கே சென்னையில் இருப்பதைவிட இனிப்பு.

ஜூலை 8, செவ்வாய்

ஜெபஸ்டினைத் தனியாகப் பிடித்தேன். பதினேழு யாருடையது?

"சுயம்பு அண்ணனுக்கதாக்கும். இப்ப அவரு இங்க இல்ல."

இறந்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. "அப்போ யாரு போட்டா?"

"அது தெரியாது மேடம். அடுத்தவன் பூட்டுல கை வைக்கப்பிடாது. அதான் நாங்க பேசாம இருக்கோம்."

நானும் கை வைக்கவில்லை. விதியை மதிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஒரு பெரிய வெள்ளை உருளைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகச் சுற்றுகிறது. என் புத்தகங்கள், செருப்பு, டம்ளர் எல்லாம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சத்தமில்லாமல் உருள்கின்றன. விழித்தபோது நிழல் கட்டிலைக் கடந்துகொண்டிருந்தது.

ஜூலை 14, திங்கள்

தலைமை அலுவலகம் இலக்குத் தாளில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்று மூன்றாவது முறையாகக் கேட்டது. ஒப்புக்கொண்டார்கள் என்று மெயில் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு பேரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி இரண்டு. காற்று இன்று வேறு மாதிரி. வெளியே புழுதியும் முருங்கை இலையும் ஒன்றாகப் பறக்கின்றன, மலை தெரியவில்லை, இயந்திரங்களின் தலை மட்டும் மேலே மிதக்கிறது. எல்லோரும் சைட்டுக்குப் போய்விட்டார்கள். கூட்ட அறையில் நான் மட்டும்.

ஜன்னல் படாரென்று திறந்துகொண்டது. சட்டத்தில் பதினேழாம் நம்பர் ஆடியது, அதுவும் கோணலாக ஆடியது. பூட்டிய பூட்டு அப்படி ஆடாது. கிட்டே போய்த் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பூட்டு வளையத்தின் பின்பக்கக் கால் வெட்டப்பட்டிருக்கிறது. இரும்பு வெட்டும் கட்டரால் ஒரே அழுத்து. இத்தனை நாள் அது பூட்டப்படவே இல்லை, சும்மா மாட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

திரும்ப அப்படியே மாட்டினேன். ஜன்னலைக் கொக்கி போட்டுச் சாத்தினேன். 

ஜூலை 19, சனி

கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். இசக்கி தூக்குவாளியைத் திறந்து எனக்கும் பாதி சோறு வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து அவளாகவே சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம். அந்த மாதம் இலக்கு நூற்றுக்கு நூறு. சுவரெல்லாம் நூறு, டீ டம்ளரில்கூட நூறு. முப்பத்தொன்றாம் தேதி மதியம் வரை நூறு அப்படியே நின்றது. அறுபத்து மூன்றாம் நம்பர் மட்டும் சுயம்பு கிரீஸ் போடுவதற்காக நின்றிருந்தது. பராமரிப்புக்கென்று விட்ட நேரம் நாலு மணியோடு முடிகிறது, அதற்குள் அது ஓடாவிட்டால் நூறு போய்விடும். நாலடிக்கப் பத்து நிமிஷம். சுயம்புவின் போன் எடுக்கவில்லை. கோபுரத்தடியில் அவர் பைக்கும் இல்லை. யாரோ டீசல் வாங்க எடுத்துப் போயிருந்தார்கள், அது அப்போது தெரியாது. சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார் என்று தாணு முடிவு செய்தார். ஜெபஸ்டின் கல்யாணத்துக்கு ஜீப் அனுப்பிய அதே தாணு. தோவாளையில் அவர் வீட்டுக்கு ஜீப் போய் வர முக்கால் மணி நேரம். கட்டரை எடுத்தார்.

"எனக்கு போன் பண்ணி 'போடு பிள்ளே'ன்னாரு. நான் போட்டேன்."

சுயம்பு வேலையை முடித்து, இறக்கைகள் சேரும் குடத்துக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கீழே தன் பூட்டு இருக்கிற தைரியத்தில் குடத்தைச் சுற்றாமல் பிடித்திருந்த கம்பியை எடுத்துவிட்டிருந்தார். குடம் அவரோடு சேர்ந்து இரண்டு சுற்றுச் சுற்றியது. மேலேயிருந்த நிறுத்தும் பொத்தானை யாரோ அழுத்தியது திரையில் தெரிந்தது என்றாள். அவர்தான், காலால். தோள் எலும்பும் இடுப்பும் போயின. விபத்து அறிக்கையில் 'கவனக்குறைவால் பூட்டுப் போடாமல் ஏறினார்' என்று எழுதினார்கள்.

"அப்ப அந்த மாசம் நூறு வந்துச்சா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வந்துது மேடம். கேக் வெட்டுனோம்." தூக்குவாளியை மூடினாள். "அந்த நூற யாரு சொன்னதுன்னு எங்களுக்குத் தெரியாது. மெட்ராஸ்ல ஏதோ மீட்டிங்ல சாரச் சொல்ல வச்சாங்களாம்."

நான் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நினைவில்லை என்று முதல் நாள் எழுதியது உண்மை இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல், பெரிய குளிர் அறை, எழுபது தலைவர்கள். நான் மேடையில். ஒவ்வொருவராக எழுந்து தன் இலக்கைச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒருவர் எழுந்து தொண்ணூற்றைந்து என்றார். "இன்னும் கொஞ்சம்?" என்றேன். அறை சிரித்தது. தொண்ணூற்றாறு என்றார். "ரெண்டு பேனா வச்சிருக்கீங்க, இன்னும் கொஞ்சம் எழுதலாமே?" மறுபடி சிரிப்பு. தொண்ணூற்றெட்டு. நான் பேசாமல் சிரித்தபடி நின்றேன். பேசாமல் நிற்பதும் எனக்குத் தெரிந்த வித்தைதான். அவர் வியர்த்துப்போய் "நூறு" என்றார். எழுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த வருஷம் அந்தக் கதையை நான் பதினோரு ஊரில் சொன்னேன். இரண்டு பேனாக்காரர் நூறைத் தொட்ட கதை. முதல் நாள் தாணு என் முன்னால் வந்து நின்றபோது, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பேனாக்களைப் பார்த்துவிட்டேன். தெரிந்துகொண்டேதான் "எங்கே?" என்று கேட்டேன்.

ஒரு மனிதரை எழுபது பேர் நடுவில் அப்படி நிற்க வைத்தது தப்பு. 

ஜூலை 26, சனி

சுயம்பு உயிரோடு இருக்கிறார். தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கடையில் எடை போடுகிறார். விடிந்ததும் பஸ் ஏறிப் போனேன்.

சந்தைக்குள் காற்று நுழைவதில்லை. அதுவே எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. பிச்சி, அரளி, சம்பங்கி எல்லாம் குவியல் குவியலாக ஈரச் சாக்கில். அந்த மணத்தில் நடப்பது தூக்கத்தில் நடப்பது மாதிரி இருந்தது. சுயம்பு ஒரு தோள் இறங்கியபடி தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

பூட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "அது தாணு சார்தான் போட்டிருப்பாரு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப கையில வச்சிருந்தாரு. குடுக்கவும் இல்ல, கீழ போடவும் இல்ல."

"திரும்ப வேணுமா உங்களுக்கு?"

"எனக்கெதுக்கு? எடுத்துத் தூரப் போடச் சொல்லுங்க." பிச்சிப் பூவை அள்ளித் தட்டில் போட்டார். "மேடம், சுத்தினது எனக்கு இப்ப பயமில்ல. ரெண்டு சுத்து, அம்புட்டுதான். வானம் ஒரு ஓட்ட வழியா வந்துது, போச்சு, வந்துது. சத்தமே இல்ல. ஆனா கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க பாத்தியளா. பதினாலு வருசம் ஏறியிருக்கேன். ஒரு நாளும் பூட்டு போடாம ஏறுனதில்ல. எனக்க வீட்டுக்காரியே நம்பல. 'நீரு பூட்டாமத்தான் ஏறியிருப்பீரு, பிள்ளைகள நெனச்சீரா'ன்னு மூணு வருசமா ஏசுகா. நான் என்னத்தச் சொல்ல, காயிதத்துல அப்படித்தான இருக்கு. எனக்கு ஒரு வரி போதும். 'பூட்டு இருந்துது'ன்னு ஒரு வரி எழுதணும்."

வரும்போது ஒரு முழம் பிச்சி கொடுத்தார். பஸ் ஜன்னலில் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஜூலை 29, செவ்வாய்

தாணுவிடம் பேசினேன். முதலில் என்னைப் பற்றிச் சொன்னேன். ஹோட்டல், சிரிப்பு, பதினோரு ஊர். அவர் தலையசைத்தார். "நீங்க நூறுன்னு சொல்ல வச்சீங்க மேடம். வெட்டச் சொல்லலியே. வெட்டுனது நான்." இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பூட்டை ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டேன். "காரணம் சொல்ல வேண்டாம்னு சொன்னீங்கல்லா? அதான். எனக்கதையும் போட்டேன், அதையும் போட்டேன். எனக்கத எடுத்துட்டேன். அத எடுக்க முடியல."

அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னேன்.  எழுதத் தயார்தான் என்றார். இப்போது எழுதினால், ஆகஸ்ட் முடிவுக்கு முன்னால், தலைமை அலுவலகம் 'பூட்டை வெட்டுகிற கூட்டம்' என்று நாற்பத்தொரு பேரையும் அனுப்பிவிடும். ஆகஸ்ட் கழிந்து எழுதினால் தன்னோடு போகும். "ஒரு மாசம்தான மேடம். சுயம்பு மூணு வருசம் பொறுத்தவன்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது என்பதையும் எழுதிவைக்கிறேன். தொண்ணூற்றேழரை வந்துவிட்டது. இன்னும் அரைதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தாணு தனியாக முடிவெடுக்க மாட்டேன் என்று பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பலருக்குப் பாதி தெரியும், முழுதாக அவர் வாயால் இன்றுதான் கேட்டார்கள். பதினேழாம் நம்பரைச் சட்டத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "இப்ப எழுதவா, ஆகஸ்ட் கழிஞ்சு எழுதவா? இப்ப எழுதுனா ஒங்க எல்லாருக்க வேலையும் போகலாம். வேண்டாம்னு நினைக்கவங்க பூட்டு போடுங்க. ஒரு பூட்டு விழுந்தாலும் இப்ப எழுத மாட்டேன்."

 பிறகு ஜெபஸ்டின் எழுந்து போய்த் தன் பூட்டைப் போட்டான். தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தான்.

யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். இறக்கையின் நிழல் மேசைமேல் வந்து போய்க்கொண்டிருந்தது. இருபது வருஷப் பழக்கம், என் நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது. ஒரு சிரிப்பும் ஒரு 'என்ன ஜெபஸ்டின்?'னும் போதும், அவன் எழுந்துவிடுவான். நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். என் வேலையில் இவ்வளவு கஷ்டமான ஒன்றை நான் செய்ததில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், அரைத்தூக்கம் மாதிரி ஒன்று எல்லோர்மேலும் கவிந்திருந்தது.

ஜெபஸ்டின் எழுந்தான். சாவி சட்டென்று நுழையவில்லை. திறந்தான்.

"நாளைக்கு நான் மேல இருப்பேன். கீழ இருக்கது இந்த ரூம்ல இருக்க யாராவதுதான். மறைச்சு வச்ச ஆளு கீழ நிக்க, நான் மேல எப்படி நிம்மதியா இருப்பேன்? எழுதுங்க சார்."

இசக்கி அழுதாள். நானும்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வீடியோவில் தலைமை அலுவலகம். தாணு அறிக்கையைப் படித்தார். பிறகு நான் பேசினேன்: ஜூலையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் அனுப்பிய மெயில் பொய், மூன்று வருஷத்துக்கு முன் அந்த நூறு என்னுடையது. அந்தப் பக்கம் ஒருவர் மைக்கை அணைத்துவிட்டு யாரோடோ பேசினார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. 'பிறகு சொல்கிறோம்' என்றார்கள்.

மாலையில் துணி மடித்தேன். கிளிப் எல்லாம் அப்படியே இருந்தன.

ஆகஸ்ட் 13, புதன்

மெயில் வந்துவிட்டது. தாணுவை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். என் ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. மற்றவர்களைப் பற்றிய முடிவு அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது. அதுவரை ஜெபஸ்டின் பொறுப்பு.

இன்றைய மதிப்பெண் தொண்ணூற்றேழு. அதற்குக் கீழே போர்டில் ஜெபஸ்டின் எழுதியிருக்கிறான்: 'யார் நிறுத்தச் சொன்னாலும் நிற்கணும்.' இதற்கு எத்தனை மார்க் என்று என்னைக் கேட்டான். தெரியாது என்றேன். இப்படி ஒரு பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை, நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் தாணுவோடு தோவாளைக்குப் போனேன். கையில் திருத்திய அறிக்கையின் நகல். பஸ்ஸில் அவர் அதை இரண்டு தடவை பிரித்து மடித்தார். பூக்குவியல்களுக்கு நடுவே நடக்கும்போது ஒரு தடவை நின்றார், நான் பார்த்ததும் நடந்தார்.

சுயம்பு எழுந்திருக்கவில்லை. காகிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார். 'சுயம்பு தன் பூட்டைப் போட்டிருந்தார். அதை நான் வெட்டினேன். அவர் மேலே இருந்தார். தவறு அவருடையது அல்ல. இரா. தாணுமாலயன்.' படித்து முடித்ததும் தாணுவைப் பார்க்காமல் போனை எடுத்தார்.

"ஏட்டி, ஸ்பீக்கர்ல போடு. அம்மையையும் கூப்பிடு. நான் ஒண்ணு வாசிக்கேன், கேளு."

சந்தைச் சத்தத்துக்கு மேலே சத்தமாக வாசித்தார்.  போனில் அவர் மனைவியின் குரல். "அப்ப பூட்டிட்டுத்தான் ஏறுனீரா?"

"பூட்டிட்டுத்தான் ஏறுனேன்."

"நான் ஒம்மத்தான ஏசுனேன்."

"ஆமா. சோறு வடிச்சாச்சா?"

தாணு அங்கேயே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். சுயம்பு போனை அணைக்கவில்லை. தராசுத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம் யாரு? அன்னைக்கு ஆபீஸ்னு சொன்னிய. ஆபீஸ்ல எல்லாரும் வந்தாங்களா? ஒங்களுக்கு மட்டும் என்ன?"

"அந்த நூற சொல்ல வச்சது நான்தான்," என்றேன். நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள், அந்தப் பேச்சு தானாக வந்தது. "தொண்ணூத்தஞ்சுன்னு சொன்ன மனுஷர, சிரிச்சுச் சிரிச்சுச் சொல்ல வச்சேன்."

 அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, எடை எழுதும் பேனாவை நீட்டினார்.

"அப்ப இதுல ஒங்க பேரு இல்லியே."

தாணுவின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். இரண்டு வரி: 'அவர் முதலில் சொன்னது தொண்ணூற்றைந்து. நூறு என்று சொல்ல வைத்தது நான்.' பெயரும் போட்டேன், பியூலா தேவநேசன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, தட்டில் இருந்த போனைக் காட்டினார்.

"அதையும் வாசிங்க. அவ கேக்கட்டும்."

வாசித்தேன். கேட்கவில்லை என்றது போன். மறுபடியும், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக வாசித்தேன்.